சலவை அறைக்கு வந்த சிறுத்தை

நாலேமுக்கால் மணிக்கு அவர்களைச் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.

மண்ணுக்கு வலிக்கக் கூடாதாம். வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்ற பெண் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அதைச் சொன்னாள். சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியம்.

"இத்தனை நாளா எப்படித்தான் பொறுத்துச்சோ," என்றான் மாப்பிள்ளை, செருப்பைத் துணிப்பையில் போட்டபடி.

அவள் சிரிக்கவில்லை. சர்வேயரும் சிரிக்கவில்லை. அவன் சொன்னதற்கு அவர் சிரித்துக் கல்யாண நாளிலிருந்து யாரும் பார்த்ததில்லை.

சர்வேயர் என்றால் நிலம் அளப்பவர் அல்ல. எரிந்த கிடங்கு, கவிழ்ந்த லாரி, மூழ்கிய படகு என்று போய் நின்று, காப்பீட்டு நிறுவனத்துக்காக நஷ்டத்தை மதிப்பிட்டவர். ஆள் சொல்வதைவிடச் சாம்பல் சொல்வதை நம்புகிறவர். ஓய்வு பெற்ற பிறகு ஊரார் காதும் காதும் வைத்தாற்போல் சில காரியங்களை அவரிடம் கொண்டுவந்தார்கள். அவருக்கு உதவியாள் வைத்துக்கொள்ளும் எண்ணம் இருக்கவில்லை. தங்கைக்கு வாய்த்த கணவனுக்கு வேலை வாய்க்கவில்லை. அதனால் உதவியாள் வந்து சேர்ந்தான். அவர் மாப்பிள்ளை என்று கூப்பிட்டதைக் கேட்டு எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள்.

இந்த முறை காரியம் மாப்பிள்ளையின் சொந்தக் காரியம். அவன் தம்பி இந்த விடுதியில் ஜீப் ஓட்டுகிறவன். போன வாரத்திலிருந்து வனச்சரக அலுவலகத்தின் பின்னறையில் உட்கார்ந்திருக்கிறான். இன்றைக்கு ஒன்றும் செய்ய முடியாமல் போனால் நாளைக் காலையில் கோர்ட்டு, அதற்குப் பிறகு சிறை. கொழுந்தன் இல்லாமல் வீட்டுப் படி ஏறினால் அடுப்பு எரியாது என்று மாப்பிள்ளையின் மனைவி இருவருக்கும் பொதுவாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். அண்ணனுக்கும் சேர்த்துத்தான்.

விடுதி காட்டை ஒட்டி இருந்தது. 'காட்டைத் தொந்தரவு செய்யாத பயணம்' என்று வாசலில் பெரிய பலகை. அந்தப் பலகைக்காக ஒரு முழு மரத்தை அறுத்திருந்தார்கள். அறைகளில் மின்விசிறி கிடையாது. விருந்தினர்கள் வியர்த்துக்கொண்டே இயற்கையை உணரவேண்டும். அதற்கு வாங்கும் வாடகையில் நகரத்தில் ஒரு வீட்டையே குளிரூட்டலாம். சாப்பாடு சைவம். இறைச்சி வாசலைத் தாண்டக் கூடாது. விருந்தினர்களின் பைகளைத் திறந்து பார்த்து, பிளாஸ்டிக் புட்டிகளைக் குற்றவாளிகளைப் போலத் தனியே நிறுத்திவைத்தார்கள்.

இத்தனையையும் சகித்துக்கொண்டு ஜனங்கள் வந்தது ஒரு சிறுத்தைக்காக. காட்டின் ராணி என்று அதற்குப் பேர். ஒவ்வொரு மாலையும் விடுதியின் பார்வை மேடைக்குக் கீழே இருந்த நீர்க்குட்டைக்கு வரும். மற்ற காடுகளில் ஒரு வாரம் ஜீப்பில் குலுங்கினாலும் கண்ணில் படாத மிருகம், இங்கே தேநீர் ஆறுவதற்குள் வந்துவிடும். மரியாதையோடு நடந்துகொண்டால் காடு தானே வந்து காட்சி கொடுக்கும் என்பது விடுதியின் விளக்கம்.

போன வாரம் ஒரு மாலை ராணி குட்டைக்கு வராமல் சலவை அறைக்குள் போய்விட்டது. யாருக்கும் ஒரு கீறல் கூட இல்லை. மறுநாள் வனச்சரகர் வந்து சோதித்தபோது ஜீப்பின் பின்பக்கம் ரத்தக்கறை படிந்த சாக்கு ஒன்று கிடந்தது. உள்ளே கறித்துண்டுகள். விருந்தினர்கள் தரும் இனாமுக்காக டிரைவர் திருட்டுத்தனமாகக் கறி போட்டு ராணியை வரவழைத்திருக்கிறான், அதனால்தான் அதற்கு ஆள் பயம் விட்டுப்போனது என்று விடுதி முதலாளி கண் கலங்கச் சொன்னார். காட்டு விலங்குக்குத் தீனி போட்டால் சிறை. ஆள் பயம் விட்டுப்போன சிறுத்தைக்குத் துப்பாக்கி. ராணியைச் சுடச் சொல்லி உத்தரவு வந்தது. அதுவும் இன்று மாலை.

தம்பி சொன்னது வேறு. அந்தச் சாக்கை வாரா வாரம் நகரத்திலிருந்து கொண்டுவரச் சொன்னதே முதலாளிதான். உள்ளே இருப்பது உரக்குழியின் மண்புழுக்களுக்கான சத்துணவு என்றாராம். வனச்சரகர் நம்பவில்லை. இந்த விடுதியில் மண்புழு கூடச் சைவம் என்பது ஊருக்கே தெரியும்.

"என் தம்பி நம்பியிருப்பான் மச்சான்," என்றான் மாப்பிள்ளை. "எனக்கு வேலை கிடைச்சிடும்னு கூட அவன் நம்புறவன்."

சர்வேயர் சாப்பாட்டுக் கூடத்தின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவர் முழுக்க ராணியின் படங்கள். வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு வருடங்களில் எடுத்தவை. சில படங்களுக்குப் பரிசு கிடைத்திருந்தது. எல்லாப் படத்திலும் ராணி குட்டைக்கரையில் இருந்த ஓர் அடிமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. வாசல் பலகையாகிப்போன மரத்தின் மிச்சம் அது. வட்டமாக, மேடைபோல அறுக்கப்பட்டிருந்தது. முன்கால்கள் இரண்டும் சேர்ந்திருந்தன. தலை சற்றே இடப்பக்கம் திரும்பியிருந்தது.

"ரேஷன் கார்டுக்கு எடுத்த மாதிரி இருக்கு," என்றான் மாப்பிள்ளை.

இத்தனை பெரிய காட்டில் அதற்கு உட்கார வேறு இடமா இல்லை என்று சர்வேயர் கேட்டார். அவனிடம் கேட்டதாகத் தெரியவில்லை. பிறகு, படம் எடுத்த ஆள் மேடையில் எங்கே நின்றிருந்தாலும் சரி, அது யாரையும் பார்க்கவில்லை என்பதைக் காட்டினார். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தைத்தான் பார்த்தது. மேடையின் இடது மூலை.

முதலாளி அவர்களைத் தேடிக்கொண்டு வந்தார். விருந்தினர்கள் அவரை வனமுனி என்று அழைத்தார்கள். வெள்ளைத் தாடி, கைத்தறிச் சட்டை, வெறுங்கால். இடது கையில் சுண்டுவிரல் இல்லை. அது காடு தன்னிடம் கேட்டு வாங்கிக்கொண்ட காணிக்கை என்று விருந்தினர்களிடம் சொல்வார். சில பேர் அந்தக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும் உண்டு. விடுதியின் விளம்பரங்களில் எல்லாம் அவர் கையில் ஓர் உயரமான மூங்கில் தடி இருந்தது. இன்று இல்லை.

டிரைவரின் அண்ணன் என்று தெரிந்தும் அவர் முகம் சுளிக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் போய்ப் பார்க்கச் சொன்னார்.

"எங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? காடு கதவில்லாத வீடு."

"அதான் நேரா சலவை அறைக்குள்ள வந்துச்சா?" என்றான் மாப்பிள்ளை.

வனமுனி கண்களை மூடித் திறந்தார். ராணியை இழப்பது மகளை இழப்பது போல என்றார். ஆனால் காடு வெற்றிடத்தை விரும்பாது. அடுத்த பருவத்துக்குள் இன்னொரு பெண் சிறுத்தை இந்தக் குட்டைக்கு வந்துவிடும்.

"சொல்லி வெச்சிருக்கீங்களா?"

அவர் உடனே, பக்கத்தில் வந்து நின்ற அம்மாளை அறிமுகப்படுத்தினார். பொறுப்பான சுற்றுலா விடுதிகளுக்குப் பச்சை இலை வழங்கும் அமைப்பின் தணிக்கையாளர். விடுதிக்கு நான்கு இலைகள் இருந்தன. ஐந்தாவது இலை இந்த அம்மாள் கையில். சிறுத்தையைப் பொறுப்பான முறையில் சுடுகிறார்களா என்று பார்க்க வந்திருந்தார். குண்டில் ஈயம் கலந்திருக்கக் கூடாது, மண் கெட்டுவிடும். விருந்தினர்களின் மனம் புண்படக் கூடாது. ஆகவே அவர்களைக் காட்டின் மறுபக்கத்துக்குப் பறவை பார்க்க அனுப்பியாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் அவரிடம் கட்டம் போட்ட ஒரு படிவம் இருந்தது.

"சிறுத்தைக்கு வலிக்குமான்னு ஒரு கட்டம் இருக்கா மேடம்?" என்று மாப்பிள்ளை கேட்டான்.

அம்மாள் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். உண்மையாகவே தேடினார்.

சலவை அறை ஊழியர் குடியிருப்பின் ஓரத்தில் இருந்தது. சிமெண்டுத் தரை, பெரிய அடுப்பு, அதன் மேல் ஆள் இறங்கிக் குளிக்கக்கூடிய அளவில் ஓர் அண்டா. விருந்தினர்களின் படுக்கை விரிப்புகள் அதில் வெந்துகொண்டிருந்தன. நீர்க்குட்டையைப் பார்த்து ஒரு பெரிய சன்னல். பின்கதவை ஒட்டிக் கோழிக்கூடு. ஊழியர்கள் முட்டைக்காக வளர்ப்பது. விருந்தினர் கண்ணில் படாமல் ஓலை வைத்து மறைத்திருந்தார்கள்.

சலவைக்கார அக்கா கதை சொல்லத் தயாராகவே இருந்தாள். ஒரு வாரமாக அவளுக்கு அதுதான் வேலை. ஆனால் கேட்பவர்கள் பாதியிலேயே சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று மனக்குறை. தான் பார்வையாலேயே சிறுத்தையை அடக்கினாள் என்பது அவள் கட்சி. அவள் புருஷனையே இருபது வருடமாக அப்படித்தான் அடக்கியிருக்கிறாள்.

மாப்பிள்ளை ஒரு துணி மூட்டையின் மேல் வசதியாக உட்கார்ந்தான். அவனுக்குக் கதை பிடித்திருந்தது. சர்வேயர் அறையை நடந்து பார்த்துக்கொண்டே கேட்டார்.

பின்கதவு வழியாக வந்ததாம். கோழிக்கூட்டைத் தாண்டித்தான் வந்தது. கோழிகள் கத்தித் தீர்த்தன. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பினால் வாசலில் நிற்கிறது. ஒட்டிப்போன வயிறு. கையில் கழி இருந்தது, ஆனால் சோப்பு நுரையில் வழுக்கியது. நுரை போகத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, அடிப்பதற்காக ஓங்கினாள்.

"ஓங்கினதுதான் தாமதம். அந்தா அந்தத் தொட்டி, கவுத்து வெச்சிருந்தேன் பாருங்க, அது மேல ஏறி உக்காந்துக்கிச்சு. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. கையைச் சேத்து வெச்சுக்கிட்டு."

"யார் கையை?" என்று மாப்பிள்ளை கேட்டான்.

"அது கையைத்தான். என் கை நடுங்கிக்கிட்டுல்ல இருந்துச்சு."

கழியை ஓங்கியபடியே தோள் கழன்றுபோகும்வரை நின்றாளாம். அது அசையவில்லை. பிறகு ஆட்கள் தகரம் தட்டிக்கொண்டு வந்த சத்தத்தில்தான் இறங்கி ஓடியது. இவ்வளவு செய்தும் சாப்பாட்டுக் கூடத்தில் தன் படத்தை மாட்டவில்லை என்றாள்.

சர்வேயர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அன்று மாலை வனமுனி எங்கே இருந்தார்?

ஊரில் இல்லை. நகரத்துக்குப் போயிருந்தார். காட்டுக்குச் சேவை செய்ததற்காக ஏதோ விருது. அவர் இல்லாததால் அன்று வன வணக்கமும் கிடையாது. வன வணக்கம் என்பது விடுதியின் வழக்கம். மாலையில் விருந்தினர்கள் எல்லோரும் மேடையில் வாய் பேசாமல் நிற்பார்கள். வனமுனி இடது மூலையில் நின்று மூங்கில் தடியை உயர்த்துவார். அவர்களும் கையை உயர்த்துவார்கள். காட்டிடம் அனுமதி கேட்பதாம்.

"அக்கா, இந்தக் கழியைக் கொஞ்சம் தர்றீங்களா?" என்றார் சர்வேயர்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை ஏதோ நகைச்சுவை சொல்ல வாயெடுத்தான். அவர் முந்திக்கொண்டார். வழக்கமாக இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசாதவர். இன்று பேசினார்.

பல வருடங்களுக்கு முன்னால் தீப்பிடித்த ஒரு சர்க்கஸ் கூடாரத்தை மதிப்பிடப் போயிருந்தார். கூடாரம் சாம்பல். கூண்டுகளின் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. மிருகங்கள் ஓடிப்போயிருக்கும் என்று போலீஸ் ஊர் முழுக்க வலை வீசிக்கொண்டிருந்தது. விடிந்து பார்த்தால் ஒன்றும் எங்கும் போகவில்லை. வட்டம் இருந்த இடத்தில், சூடு ஆறாத சாம்பலுக்கு நடுவில், ஒவ்வொன்றும் தன் தன் முக்காலியைத் தேடிப் பிடித்து ஏறி உட்கார்ந்திருந்தது. பயந்துபோனால் அவற்றுக்குத் தெரிந்த ஒரே பத்திரமான இடம் அதுதான். பழக்கியவன் வந்து ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிடும்வரை இறங்கவில்லை.

மாப்பிள்ளையின் வெறுங்காலில் கல் குத்தியது.

"அப்ப பசிச்ச சிறுத்தை கோழியை விட்டுட்டுப் போச்சுன்னா..."

"கோழி திங்கிற பொருள்னு அதுக்குத் தெரியாது மாப்ளே. தடி தெரியும், வட்டமா ஒரு கட்டை தெரியும். உக்காந்தா சாப்பாடு வரும், அது தெரியும். அன்னைக்கு மேடையில தடி இல்லை. சன்னல்ல ஒண்ணு தெரிஞ்சுது. தேடிக்கிட்டு வந்துடுச்சு."

"அந்தக் கறிமூட்டை..."

"மண்புழுவுக்குத்தான். நாலு காலும் வாலும் உள்ள மண்புழு."

அவர் நகைச்சுவை சொல்லி அவன் கேட்டது அதுவே முதல் தடவை. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. சிறுத்தை செத்துப்போனால் இதையெல்லாம் யாரிடம் காட்டுவது என்று கேட்டான். சர்வேயர் வானத்தைப் பார்த்தார். வெயில் மரத்தின் உச்சிக்குப் போயிருந்தது. அதனால்தான் முதலாளி மகளை இழக்க இவ்வளவு அவசரப்படுகிறார் என்றார்.

மேடையில் மூன்று பேர் இருந்தார்கள். வனமுனி இடது மூலையை விட்டு வெகுதூரம் தள்ளி, சால்வைக்குள் கைகளை மறைத்துக்கொண்டு நின்றார். தணிக்கை அம்மாள் படிவத்தோடு நாற்காலியில். வனச்சரகர் கைப்பிடியில் துப்பாக்கியைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். களைத்துப்போன மனிதர். சிறுத்தையைச் சுடுவதில் அவருக்கு விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை. உத்தரவு இருந்தது.

சர்வேயர் அவரிடம் தாழ்ந்த குரலில் பேசினார். சுடுவதற்கு முன் ஒரு சோதனை. வனச்சரகர் குட்டையைப் பார்த்தார், கழியைப் பார்த்தார். பைத்தியக்காரர்களை அவருக்குப் பழக்கம். இந்த விடுதிக்கு வருகிறவர்களைத்தானே தினமும் பார்க்கிறார்.

"அது தண்ணி குடிச்சு முடிக்கிற வரைக்கும்தான் சார் டைம்," என்றார்.

கழி எதற்கு என்று வனமுனி கேட்டார். முழங்கால் வலி என்றார் சர்வேயர். உங்கள் தடி எங்கே என்று திருப்பிக் கேட்டார். இன்று துக்க நாள், வணக்கம் கிடையாது என்று பதில் வந்தது.

புதர் விலகியது. ராணி வெளியே வந்தது.

படங்களில் இருந்த மிருகம் இல்லை இது. விலா எலும்புகள் தெரிந்தன. ஒரு வாரமாக யாரும் எதுவும் போடவில்லை. கரைக்கு வந்தது. தண்ணீரைப் பார்க்கவில்லை. மேடையின் இடது மூலையைப் பார்த்தது. அங்கே சர்வேயர் நின்றிருந்தார். அவர் கழியை உயர்த்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னும் உயர்த்தினார். சிறுத்தை அவரைப் பார்த்தது. பிறகு தலையைத் தாழ்த்தித் தண்ணீரை நக்கத் தொடங்கியது.

வனமுனியின் தாடிக்குள் ஒரு புன்னகை நெளிந்தது. காடு யாருக்கும் தலையாட்டாது என்றார். தணிக்கை அம்மாள் படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பினார். வனச்சரகர் துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோனார். சர்வேயரின் கை கீழே இறங்கியது. அவர் முகத்தில் அப்படி ஒரு குழப்பத்தை மாப்பிள்ளை பார்த்ததே இல்லை. சாம்பல் முதல்முறையாக அவரிடம் பொய் சொல்லியிருந்தது.

மாப்பிள்ளைக்குத் தம்பியின் முகம் ஞாபகம் வந்தது. மண்புழுவுக்குச் சத்துணவு என்று சொன்னபோது அதில் இருந்த நம்பிக்கை. பிறகு, எங்கிருந்தோ, சலவைக்கார அக்காவின் குரல். கேட்டவர்கள் எல்லாம் பாதியில் சிரித்துவிட்டுப் போன கதை. சர்வேயர் கூட நடந்துகொண்டேதான் கேட்டார். அவன் மட்டும்தான் உட்கார்ந்து கேட்டவன். ஓங்குவதற்கு முன்னால் அவள் நுரை போகத் தரையில் ஒரு தட்டுத் தட்டியிருந்தாள்.

அவன் கழியைப் பிடுங்கினான். மேடைப் பலகையில் ஒரு தட்டுத் தட்டினான். ஓங்கினான்.

தண்ணீர் நக்கும் சத்தம் நின்றது. ராணியின் தலை நிமிர்ந்தது. வாயோரம் தண்ணீர் சொட்டச் சொட்ட, அவசரமே இல்லாமல் அடிமரத்துக்கு நடந்து போய் ஏறி உட்கார்ந்தது. முன்கால்களைச் சேர்த்துக்கொண்டது.

மாப்பிள்ளை இன்னொரு தட்டுத் தட்டிப் பார்த்தான். ராணி ஒரு முன்காலை மெல்லத் தூக்கிக் காற்றில் பிடித்தது.

"கை குடுக்குது சார்," என்றான் வனச்சரகரிடம். "குடுங்க. பாவம், எவ்வளவு நேரம் தூக்கிக்கிட்டே இருக்கும்?"

துப்பாக்கி தோளிலிருந்து இறங்கியது. தணிக்கை அம்மாள் எழுந்து நின்றார். இது காட்டுச் சிறுத்தையின் இயல்பான நடத்தையில் சேருமா என்று பொதுவாகக் கேட்டார். தற்செயல் என்றார் வனமுனி. சலவைத் தொட்டியில் ஒரு தற்செயல், குட்டைக்கரையில் ஒரு தற்செயல், சுவரில் மாட்டிய படத்தில் எல்லாம் தற்செயல் என்றார் சர்வேயர். பிறகு வனச்சரகரிடம் நாலே விஷயங்களைச் சொன்னார். கோழிக்கூடு, சன்னல், விருது வாங்கப் போன மாலை, சுண்டுவிரல். சுண்டுவிரலைச் சொன்னபோது வனமுனி கையைச் சால்வைக்குள் இன்னும் இழுத்துக்கொண்டார். காடு வாங்கிய காணிக்கை இல்லை அது, ராணியைப் பழக்கிய ஒத்திகையில் போனது.

வனச்சரகர் நெற்றியைத் தடவினார். அவருக்குப் புரிந்தது. புரிந்ததால் தலைவலி கூடியது. பழக்கி வளர்த்த மிருகமென்றால் டிரைவர் மேல் போட்ட வழக்கு நிற்காது, இன்றே விட்டுவிடலாம். சுடும் உத்தரவும் செல்லாது. கூண்டு வரும், வைத்தியர் வருவார், காப்பகத்தில் கடைசிவரை சோறு கிடைக்கும். கேள்விகளெல்லாம் வேறு ஆளிடம் போகும். ஆனால் ஒருவர் வாயைத் திறந்து இது என்னுடையது என்று சொல்லவேண்டும்.

"யாரும் சொல்லலைன்னா இது காட்டுச் சிறுத்தை. என் கையில இருக்கிறது காட்டுச் சிறுத்தைக்கான ஆர்டர். இருட்டினா அது மறுபடியும் குடியிருப்புக்குள்ள போகும். நான் விட்டுட்டுப் போக முடியாது."

அப்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. பறவை பார்க்கப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். வழி நெடுக முள் குத்தியிருந்தது. பாதிப் பேர் நொண்டிக்கொண்டு வந்தார்கள். மேடையில் ஒருவன் கழியை ஓங்கி நிற்பதையும், கீழே ராணி அமர்ந்திருப்பதையும் பார்த்தார்கள். வன வணக்கம் நடக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். ஒருவர் பின் ஒருவராக வாய் பேசாமல் கைகளை உயர்த்தினார்கள். தொப்பி போட்ட ஒருவர் மட்டும் ஒரு கையை உயர்த்தி மற்ற கையால் படம் எடுத்தார். என்ன ஒரு அதிர்ஷ்டம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தார்.

வனமுனி அந்தக் கைகளைப் பார்த்தார். அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட கைகள். ஐந்தாவது இலையை எழுதவேண்டிய பேனா பக்கத்திலேயே நின்றது. பிறகு குட்டையைப் பார்த்தார். பார்க்காமல் இருக்க முயன்று, முடியாமல் பார்த்தார்.

மாப்பிள்ளை கழியைத் தரையில் வைத்தான். ராணி இறங்கவில்லை. காலை இறக்கிச் சேர்த்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தது. அது கழியைப் பார்க்கவில்லை. இடது மூலையைக்கூடப் பார்க்கவில்லை. மேடையின் மறுகோடியில் சால்வைக்குள் ஒடுங்கி நின்ற கிழவரைத் தேடிக் கண்டுபிடித்திருந்தது.

வெயில் மரத்தின் உச்சியையும் விட்டுப் போய்விட்டது. வனச்சரகர் துப்பாக்கியை மறுபடி எடுத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை வனமுனியின் அருகில் போய் நின்றான். சொல்வதற்கு அவனிடம் ஒரு நகைச்சுவையும் மிச்சமில்லை.

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க ஐயா," என்றான். "அது உங்க வாயைத்தான் பாத்துக்கிட்டு இருக்கு."